கமடோர் 64-ஆ, ஸ்பெக்ட்ரமா?

பழைய வீட்டுக் கணினியை டிவியில் மாட்டியாயிற்று. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஸ்பெக்ட்ரமில் 'பார்டர் 0' என்றால் போதும். கமடோர் 64-இல் 'போக் 53280,0' என்று அடிக்க வேண்டும்; அதாவது 53280 என்ற நினைவக முகவரியில் 0 என்ற எண்ணை நாமே போட வேண்டும். இரண்டும் 1982-இல் வந்தவை. இந்த ஒரு வரியிலேயே இரண்டின் குணமும் தெரிந்துவிடும்.

வன்பொருளில் கமடோருக்குப் பக்கத்தில் ஸ்பெக்ட்ரம் நிற்கவே முடியாது. 64 கேபி நினைவகம், 16 நிறங்கள், பின்னணியைக் கலைக்காமல் நகர்த்தக்கூடிய எட்டு ஸ்ப்ரைட்டுகள் (குட்டிப் படங்கள்). எல்லாவற்றுக்கும் மேல், பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலி சிப்: மூன்று குரல்கள், கூடவே ஒலியின் தன்மையை மாற்றும் ஒரு ஃபில்டர். அது சின்ன சிந்தசைசரேதான். ஸ்பெக்ட்ரமில் இருந்தது ஒற்றைப் பீப்பர். பேசிக் என்ற நிரல்மொழியில் 'பீப்' என்று எழுதினால், ஒலி முடியும்வரை நிரல் அப்படியே காத்து நிற்கும்.

நிறத்திலும் அதே கதை. ஸ்பெக்ட்ரமில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம். பச்சைப் புல்லில் மஞ்சள் சட்டைக்காரன் நடந்தால், அவன் கால் பட்ட கட்டத்தில் புல்லும் மஞ்சளாகிவிடும். முழுத் திரையையும் 6912 பைட்டில் அடக்கியதற்கு விலை அது. ஆனால் அந்தச் சிக்கனத்தால்தான் 48 கேபி கணினியை 175 பவுண்டுக்குக் கொடுக்க முடிந்தது. கமடோர் அமெரிக்காவில் 595 டாலருக்கு வந்தது.

சரி, நிரல் எழுத உட்கார்ந்தால்? இங்கேதான் என் மனசு ஸ்பெக்ட்ரம் பக்கம் சாய்கிறது. 'சர்க்கிள் 128,88,50' என்றால் திரை நடுவே வட்டம் வந்துவிடும். கமடோரின் பேசிக்கில் வட்டத்துக்குக் கட்டளையே கிடையாது. அத்தனை அருமையான சிப்புகளையும் எண் எண்ணாகப் போக் செய்துதான் எழுப்ப வேண்டும். ஸ்பெக்ட்ரமில் தப்பான வரியை அடித்தால் ஏற்றுக்கொள்ளாது. தப்பு இருக்கும் இடத்திலேயே கேள்விக்குறி மின்னும். கமடோர் எதையும் வாங்கிக்கொண்டு, ஓடும்போதுதான் பிழை என்று சொல்லும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ரப்பர் விசைகளில் வேகமாகத் தட்டச்சு செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் 'பி'யை ஒருமுறை அழுத்தினாலே 'பிரிண்ட்' முழுதாக வந்து விழுமே!

இன்று பழையது ஒன்று கைக்கு வந்தால், கமடோரை அதன் பழைய அடாப்டரில் போடவே போடாதீர்கள். அது கெட்டுப்போகும்போது 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி நினைவக சிப்புகளைக் கருக்கிவிடும். ஸ்பெக்ட்ரமில் முதலில் விசைகளுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் படலத்தைப் பாருங்கள். காய்ந்து விரிசல் விட்டிருக்கும். அதைப் புதிதாக மாற்றிவிடலாம்.