தெர்மல்ரைட் பிசிஎஃப்: 12700கே சூட்டைக் குறைக்கும் சின்ன அலுமினியச் சட்டம்

இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) கே வகை, அதாவது வேகத்தைக் கூட்டிக்கொள்ள விடும் ப்ராசஸர் வைத்திருக்கிறீர்களா? நல்ல டவர் கூலர் போட்டும் ரெண்டர் ஓடவிட்டால் சூடு தொண்ணூறைத் தாண்டுகிறதா? அப்படியென்றால் இதைவிடப் பெரிய கூலருக்கோ 360 மில்லிமீட்டர் வாட்டர் கூலருக்கோ பணம் எடுத்து வைக்கும் முன், தெர்மல்ரைட் கம்பெனியின் எல்ஜிஏ1700-பிசிஎஃப் என்ற கான்டாக்ட் ஃபிரேமை (ப்ராசஸரைச் சுற்றி அழுத்திப் பிடிக்கும் சட்டம்) வாங்கிப் போட்டுப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு அலுமினியச் சட்டம், நான் வாங்கியபோது ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் விலை. என் கணினியில் இது செய்த வேலையைப் பார்த்த பிறகு, இந்த சாக்கெட்டில் யார் புதிதாக கே ப்ராசஸர் போட்டாலும் கூடவே இதையும் வாங்கச் சொல்கிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது முதலில் புரிய வேண்டும். 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் ப்ராசஸரின் வடிவத்தையே மாற்றியது. அதற்கு முன் 37.5க்கு 37.5 மில்லிமீட்டர் என்று சதுரமாக இருந்தது, 37.5க்கு 45 என்று நீளவாக்கில் செவ்வகமாகிவிட்டது. ஆனால் அதை சாக்கெட்டில் அழுத்திப் பிடிக்கும் லாக் (ஐஎல்எம் என்பார்கள்) பழையபடி இரண்டே இடங்களில்தான் அழுத்துகிறது, அதுவும் நீளப் பக்கங்களின் சரியான நடுவில். நீளமான பொருளை நடுவில் மட்டும் இரண்டு பக்கமும் அழுத்தினால் என்ன ஆகும்? நடு கீழே போகும், இரண்டு முனைகளும் லேசாக மேலே எழும். ப்ராசஸரின் உலோக மூடிக்கும் இதேதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவுதான், ஆனால் கூலரின் அடிப்பாகம் அந்த இரண்டு முனைகளில்தான் நன்றாக உட்காருகிறது. சூடு பிறக்கும் சிலிக்கான் துண்டோ மூடியின் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கிறது. நடுவில் குழிந்துபோன பழைய தோசைக்கல்லில் எண்ணெய் நடுவிலேயே தேங்குகிற மாதிரி, மூடிக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் அந்தப் பள்ளத்தில் தடிமனாகத் தேங்கி நிற்கிறது. பேஸ்ட் என்பது மெல்லிய படலமாக இருந்தால்தான் சூட்டைக் கடத்தும், தடித்தால் அதுவே தடை.

நம்பிக்கை இல்லாதவர்கள் கூலரைக் கழற்றும்போது மூடியில் ஒட்டியிருக்கும் பேஸ்ட்டைக் கவனியுங்கள். என்னுடையதில் இரண்டு முனைகளிலும் பேஸ்ட் கிட்டத்தட்ட வழித்தெடுத்தது போலப் போய், உலோகமே பளபளவென்று தெரிந்தது. நடுவில் மட்டும் பட்டையாக, சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்குக் கனமாக இருந்தது. துடைத்துவிட்டு ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தி வைத்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால் நடுவில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறது. அந்தக் கோட்டின் தடிமனுக்குத்தான் நாம் இத்தனை டிகிரி அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பிரச்சினையை 2022 தொடக்கத்திலேயே ஜெர்மனியின் இகோர்ஸ் லேப் தளம் விரிவாக எழுதியது. லாக்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வாஷர்களை வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் வழியையும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் டெர்8ஆவர் என்ற பெயரில் வீடியோ போடும் ரோமன் ஹார்ட்டுங் வடிவமைத்த சட்டத்தை தெர்மல் கிரிஸ்லி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெர்மல்ரைட்டின் சட்டமும் அதே ஆண்டில் வந்தது, விலையில் அதைவிட மிகவும் குறைவு. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான்: இன்டெல்லின் லாக்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, நடுவில் அழுத்தாமல் மூடியின் ஓரம் முழுக்க, முக்கியமாக முனைகளின் பக்கம் அழுத்தத்தைப் பரப்புவது. வாஷர் வழி செலவில்லாதது, வளைவையும் குறைக்கும். ஆனால் அழுத்தும் இடம் அதே நடுவாகத்தான் இருக்கிறது. அதனால் எனக்கு சட்டம்தான் சரியாகப்பட்டது.

சரி, எண்களுக்கு வருவோம். என்னிடம் இருப்பது ஐ7-12700கே, மேலே தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 கூலர். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) மின் அளவை இன்டெல் சொல்லும் 190 வாட்டிலேயே கட்டி வைத்திருக்கிறேன். ஃபேன் வேகத்தைத் தானாக மாறாதபடி நிறுத்திவிட்டு, ப்ராசஸரை முழு மூச்சாக ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளின் பத்து நிமிட ஓட்டத்தில் அளந்தேன். இன்னொன்றும் செய்தேன், இதைச் செய்யாமல் போடும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை: சட்டம் போடுவதற்கு முன், பழைய லாக்கிலேயே கூலரைக் கழற்றிப் புது பேஸ்ட் போட்டு ஒரு முறை அளந்தேன். ஏனென்றால் பல பேர் காய்ந்துபோன பேஸ்ட்டோடு அளந்துவிட்டு, சட்டமும் புது பேஸ்ட்டும் போட்டு மறுபடி அளந்து, மொத்தப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

புது பேஸ்ட்டால் கிடைத்தது ஒரு டிகிரி, அவ்வளவுதான். அதே வகைப் பேஸ்ட்டோடு சட்டம் போட்ட பிறகு, அதிகச் சூடான கோர் 94லிருந்து 88க்கு இறங்கியது. அறையில் ஏசி கிடையாது, இரண்டு அளவுகளும் எடுத்தபோது அறைச் சூடு 31 டிகிரியை ஒட்டி இருந்தது. நம் ஊர்க் கணினிகளுக்கு இந்த ஆறு டிகிரி பெரிய விஷயம். வெளிநாட்டு விமர்சகர்கள் 21, 22 டிகிரி அறையில் அளக்கிறார்கள், அங்கே 85 காட்டும் ப்ராசஸர் இங்கே சித்திரை மாத மதியத்தில் தொண்ணூற்றைந்தைத் தொடும். 100 டிகிரியைத் தொட்டால் 12700கே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கோட்டிலிருந்து தள்ளி நிற்க இடம் கிடைப்பதுதான் எனக்கு முக்கியம்.

எனக்கு இன்னும் பிடித்தது வேறு ஒன்று. முன்பு கனமான வேலைகளைச் செய்யும் பெர்ஃபார்மன்ஸ் கோர்களுக்குள்ளேயே சூட்டில் நிறைய வித்தியாசம் இருந்தது, ஒன்று அடங்கி இருக்கும், ஒன்று கொதிக்கும். சட்டம் போட்டபின் அந்த இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது. கூலர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அளந்து முடித்து ஃபேனைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றிய பிறகு, வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது அதன் இரைச்சலும் குறைந்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அது தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், சட்டம் ப்ராசஸர் உண்டாக்கும் சூட்டைக் குறைப்பதில்லை, அதைக் கூலருக்குச் சீக்கிரம் கொண்டுபோகிறது. 190 வாட் என்பது 190 வாட்தான், அறை பழையபடியே சூடாகும்.

மாட்டும் வேலைக்கு வருகிறேன், கவனம் முழுவதும் இங்கேதான் வேண்டும். கேபினெட்டைப் படுக்க வைத்துவிடுங்கள். கூலரைக் கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால் பேஸ்ட் இளகியிருக்கும், கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மூடியைத் துடையுங்கள். பிறகு லாக்கின் கம்பியை விடுவித்து, மேல் தகட்டைத் திறந்து, நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். அவை டி20 அளவு நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள், அதற்கான எல் வடிவச் சாவி சட்டத்தோடே வருகிறது. கூடவே கொஞ்சம் பேஸ்ட்டும் தருகிறார்கள். ப்ராசஸரை சாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். அதைத் தூக்கினால் கீழே 1700 பின்கள் திறந்து கிடக்கும், ஒரு ஸ்க்ரூ கை தவறி விழுந்தால் மதர்போர்டுக்கே செலவு வைக்கும்.

மதர்போர்டின் பின்பக்கம் பேக்பிளேட் என்ற தாங்கு தகடு ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது இதே நான்கு ஸ்க்ரூக்கள்தான், கடைசி ஸ்க்ரூ வரும்போது அது கழன்று விழ வாய்ப்பு உண்டு. மதர்போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துச் செய்தால் இந்தக் கவலையே இல்லை. கேபினெட்டுக்குள்ளேயே செய்கிறீர்கள் என்றால் பின்னால் ஒரு கை தாங்கலாக இருக்கட்டும்.

சட்டத்தை ப்ராசஸர் மேல் வைத்ததும் ஆட்டிப் பாருங்கள். சுற்றிலும் படிந்து உட்கார வேண்டும், ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், எடுத்து மறுபடி வையுங்கள். நான்கு ஸ்க்ரூக்களையும் முதலில் சாவியின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, தானாக நிற்கும் இடம் வரை சுற்றுங்கள். அப்புறம் எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கிக்கொண்டே வந்து, கையில் தடை தெரிந்ததும் விட்டுவிடுங்கள். முடுக்கும் விசையை அளக்கும் கருவி நம்மில் பலரிடம் இருக்காது, விரல்தான் அளவு. சாவியின் நீளப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பலம் போட்டால் சட்டம் வளையும், மதர்போர்டும் வளையும், நாம் சரிசெய்ய வந்த வளைவை வேறு பக்கமாக உண்டாக்கிவிடுவோம்.

அளவு தவறினால் கணினி சொல்லிவிடும். இரண்டு ரேம் போட்டிருந்தும் ஒன்றுதான் தெரிகிறது, கிராஃபிக்ஸ் கார்டு பதினாறு லேனுக்குப் (தரவு போகும் பாதை) பதில் எட்டில் ஓடுகிறது, அல்லது திரையே வரவில்லை என்றால் பின்கள் சில சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். அதிகமாக முடுக்கினாலும் இப்படி ஆகும், குறைவாக முடுக்கினாலும் இப்படி ஆகும். பதறாமல் கூலரை எடுத்து, நான்கையும் தளர்த்தி, முதலிலிருந்து சமமாக முடுக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பயாஸில் முழு ரேம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்டோஸுக்குள் போக வேண்டும்.

யாருக்கெல்லாம் இது தேவையில்லை? ஐ5-12400 மாதிரி உச்சத்திலேயே 117 வாட் எடுக்கும் ப்ராசஸருக்கு சுமாரான டவர் கூலரே போதும், இந்த வேலையில் இறங்காதீர்கள். மதர்போர்டு மின் அளவைக் கட்டாமல் விட்டிருப்பதால் கொதிக்கிற கணினி என்றால், முதலில் பயாஸில் அதைக் கட்டுங்கள். காசே இல்லாமல் சட்டம் தருவதைவிட அதிகம் இறங்கும். பல வருடம் பழைய லாக்கில் அழுந்திக் கிடந்த ப்ராசஸரின் மூடி முழுவதும் நிமிராமலும் போகலாம், அவர்களுக்குப் பலன் குறையும், அதனால் புதிதாகக் கட்டும்போதே போடுவது உத்தமம்.

கூலரின் அடிப்பாகத்தைப் பொறுத்தும் பலன் மாறும். தட்டையான அடி உள்ள வாட்டர் கூலர்களுக்கு லாபம் கூடுதல். நடுவில் கொஞ்சம் புடைப்பாகச் செய்யப்பட்ட கூலர்கள் ஏற்கெனவே அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. நாக்டுவா என்ற கூலர் கம்பெனி 2024இல் என்எச்-டி15 ஜி2 கூலரை வெளியிட்டபோது அடிப்பாகத்தின் புடைப்பு அளவை மாற்றி மூன்று வகையாகவே விற்றது. அதில் அதிகப் புடைப்புள்ள எச்பிசி வகை எல்ஜிஏ 1700இன் முழு அழுத்த லாக்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தக் கூலர் வைத்திருப்பவர்கள் சட்டம் வாங்க வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும். ஒரு கூலர் கம்பெனி மெனக்கெட்டு இப்படிச் செய்கிறது என்றால் வளைவு எவ்வளவு நிஜம் என்று பாருங்கள். இன்டெல்லும் இதற்கு அடுத்து வந்த எல்ஜிஏ 1851 சாக்கெட்டில் அழுத்தம் குறைந்த ஆர்எல்-ஐஎல்எம் என்ற லாக்கை மதர்போர்டுகளுக்கு ஒரு தேர்வாகக் கொடுத்திருக்கிறது. ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கும் சட்டங்கள் விற்கிறார்கள், அவை மூடியின் வெட்டுகளுக்குள் பேஸ்ட் போகாமல் தடுப்பதற்குத்தான், சூடு குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஒரு குறை உண்டு. கம்பி கிடையாது என்பதால் ஒவ்வொரு முறை ப்ராசஸரைக் கழற்றவும் நான்கு ஸ்க்ரூ. அடிக்கடி ப்ராசஸர் மாற்றுகிறவர்களுக்கு இது தொல்லை, மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாரண்டி விஷயம் அதைவிடப் பெரியது. 2022இல் இதுபற்றிக் கேட்டபோது, லேசான வளைவு எதிர்பார்த்ததுதான், அதனால் ப்ராசஸர் வரம்பு மீறி ஓடாது, சாக்கெட்டிலோ லாக்கிலோ கை வைக்க வேண்டாம், வைத்தால் வாரண்டி போகலாம் என்று இன்டெல் பதில் சொன்னது. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை, பணம் கொடுத்து வாங்கிய கூலரின் திறனில் ஒரு பங்கை அந்த வளைவு தின்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் வந்த நிலையின்மைக் கோளாறு வோல்டேஜ் சம்பந்தப்பட்டது, சட்டத்தால் அது தீராது, பயாஸ் அப்டேட்தான் வழி. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் 2024இல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியும் இருக்கிறது. அதனால் கழற்றிய லாக்கையும், சட்டம் தனி ஸ்க்ரூக்களோடு வந்திருந்தால் பழைய ஸ்க்ரூக்களையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, மதர்போர்டு பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியும் அதே கவரில் இருக்கட்டும், மதர்போர்டை எப்போதாவது திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் அது கட்டாயம் வேண்டும்.