கை நாடாவா, எடை–உயர அளவா?

களனி கங்கை பெருகி, கொழும்பில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்துச் சனம் பாடசாலைகளில் தங்கும்போது பிள்ளைகளின் போசாக்கைப் பார்க்க இரண்டு வழி உண்டு. இடது மேற்கையின் நடுவில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் குறித்த அளவு நாடாவைச் சுற்றுவது ஒன்று. 6 முதல் 59 மாதப் பிள்ளைக்கு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு, கடும் மந்தபோசணை. அதிலிருந்து 12.5 வரை மஞ்சள், அதற்கு மேலே பச்சை. தாய்மாருக்கே பழக்கிவிடலாம்.

மற்றது, எடையை உயரத்தோடு ஒப்பிடுவது. தராசு, உயரப் பலகை, இரண்டு பேர், சமதரை எல்லாம் வேண்டும். ஈரம் காயாத வகுப்பறையில் லேசான வேலையில்லை. ஆனால் நாடா பச்சை காட்டும் சில பிள்ளைகளை இதுதான் பிடிக்கும்.

முதல் நாட்களில் நான் நாடாவையே எடுப்பேன், அப்புறம் தராசு வரட்டும். எதை எடுத்தாலும் இரண்டு பாதங்களையும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், அளவு என்ன சொன்னாலும், அந்தப் பிள்ளையை உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.