40 மீற்றர் மொபைல் அன்ரெனாவுக்கு லோடிங் கொயில்: கணக்கு எதுவரை தேவை? மலையகப் பாவனை அனுபவம்

அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் (7 மெகாஹேட்ஸ்) அலைவரிசைக்கு, வாகனத்தில் பொருத்தும் விப் (நிமிர்ந்த தண்டு) அன்ரெனா நீளம் போதாது. அந்தக் குறையை ஈடுசெய்யும் கம்பிச்சுருள்தான் லோடிங் கொயில். 2.4 மீற்றர் நீளமான விப் அன்ரெனா 7.1 மெகாஹேட்ஸில் ஒத்திசைய, நடுவில் வைக்கும் கொயில் ஏறத்தாழ 40 மைக்ரோஹென்றி இருக்கவேண்டும். அடியில் வைத்தால் 20 போதும். சுற்றுகளைக் கணக்கிட, கொயிலின் அளவுகளிலிருந்து மைக்ரோஹென்றியைத் தரும் வீலரின் சூத்திரம் ஒன்றே தாராளம். 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில், 10 செ.மீ. நீளத்துக்கு, 1.2 மி.மீ. இனாமல் செப்புக் கம்பி 45 சுற்று. கம்பி ஏழரை மீற்றர் வேண்டும். 1 மி.மீ. நைலோன் தங்கூசியையும் கம்பியோடு சேர்த்தே சுற்றினால் இடைவெளி சீராக விழும்.

கொயிலின் இரு முனைகளிலும் மின்னோட்டம் சமமா, இல்லையா என்ற வாதத்துக்கு முடிவே இல்லை. எந்தப் பக்கம் வென்றாலும் கடைசியில் கொயிலுக்கு மேலுள்ள தண்டை (மேல்தண்டை) சென்ரிமீற்றர் கணக்கில் ஏற்றி இறக்கித்தான் ஆகவேண்டும். வான் வண்டியின் கூரையும் பக்கத்துக் கரியரும் எவ்வளவு கொள்ளளவம் சேர்க்கும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

ஆனால் இழப்புக் கணக்கைத் தவிர்க்கக் கூடாது. நடுக்கொயில் அன்ரெனாவின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் சக்திக்குரிய தடை) 3 ஓம் அளவு. கொயிலின் கியூ (இழப்பு குறையக் கூடும் தர எண்) 300 என்றால் அதன் தடை 6 ஓம். நில இழப்பை 10 ஓம் என்று வைத்தால் மொத்தம் 19 ஓம், வினைத்திறன் 16 சதவீதம். கியூ 100 ஆனால் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நல்ல கொயிலை அடியில் வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். கதவு, பொனெற், புகைக்குழாய் ஆகியவற்றைச் செப்புப் பின்னலால் உடலோடு இணைக்காமல் நில இழப்பு 20 ஓமுக்கு ஏறினாலும் அதே கதிதான். ஆகவே பொருத்துத் துணையே இல்லாமல் எஸ்.டபிள்யூ.ஆர். (50 ஓம் கேபிளோடு அன்ரெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1:1 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். 19 ஓம் 50 ஆகத் தெரிகிறதென்றால், எங்கோ 30 ஓமுக்கு மேல் கூடுதலாகச் சூடாகப் போகிறது. 19 ஓமை 50 ஆக்க, மேல்தண்டைச் சற்றுக் குறைத்து, அடியில் நிலத்துக்கு 0.9 மைக்ரோஹென்றிச் சிறு கொயில் போடலாம்.

மலையகத்தில் அதிகம் கெடுப்பது ஈரம். நுவரெலியா மூட்டத்தில் சுற்றுகளுக்கிடையே நீர் படிந்தால் ஒத்திசைவு கீழே நழுவும், கியூவும் விழும். சிலிக்கனால் முழுக்க அடைத்தாலும் பயனில்லை: கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏறும்போது குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரக்காற்றே நீராகிவிடும். பெரிய குழாயொன்றை உறையாக்கி, அடியில் 3 மி.மீ. துளை விடுவதே சரி. பின்னல் கம்பியின் முனைகள் பச்சை பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் சுரண்டிக் கிரீஸ் பூசவேண்டும். தோட்டப் பாதையில் நிழல்மரக் கிளை தட்டும்போது நடுக்கொயிலின் கீழ் இணைப்புத்தான் முதலில் உடையும். அடியில் ஸ்பிரிங் அவசியம்.

ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் மலைமுகடுகள் 2 மீற்றர் அலைவரிசையை மறிப்பதால் பகலில் 40 மீற்றர்தான் கைகொடுக்கும். அயல் நிலையங்களுக்கு அலை மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பவேண்டும். ஆனால் நிமிர்ந்த விப் தலைக்கு மேலே அனுப்புவது மிகக் குறைவு. வண்டியை நிறுத்தி, விப்பைப் பின்பக்கம் வளைத்துக் கட்டினால் அயல் நிலையங்கள் தெளிவாகும். வளைத்ததும் கொள்ளளவம் கூடும். மேல்தண்டை இன்னும் குறைத்து மறுபடி ஒத்திசைக்கவேண்டும்.