டீம் லீட் ஆகிறதா வேணாமா: கல்லடி ஒருநாள் வகுப்புக்குப் போய்ட்டு வந்து எழுதுறன்

ஏழு வருசமா சாஃப்ட்வெயர் கோட் எழுதிறன், கொழும்புக் கொம்பனி, வேலை செய்யிறது மட்டக்களப்பு கல்லடி வீட்டில இருந்து. போன மாசம் டீம் லீட் போஸ்ட், அதாவது டீமை நடத்திற பொறுப்பு, தாறம் என்டாங்க. கோடிங்க விட மனமில்ல, வேணாம் என்டா மறுகா கேப்பாங்களா என்டும் பயம், ரெண்டு கிழமை சரியா நித்திரையே இல்ல. அப்பதான் இஞ்ச பழைய பாலத்துக்குக் கிட்ட ஒரு அக்கா சனிக்கிழமைகள்ல இதுக்கெண்டே வகுப்பு வைக்கிறா என்டு கேள்விப்பட்டு போனன். காலம 9ல இருந்து பின்னேரம் 4 வரைக்கும், சாப்பாட்டோட 6500 ரூபா. இரவு பஸ் ஏறி கொழும்புக்குப் போய்வாறதோட பாத்தா பெரிய காசில்ல.

முதல் வேலையே போன ரெண்டு கிழமை கலெண்டரை பேப்பர்ல கீறி, கோடிங்குக்கு பச்சை, ஆக்களோட கதைச்சதுக்கு சிவப்பு அடிக்கச் சொன்னா. என்ட பேப்பர் முக்காவாசி பச்சை. லீட் ஆனா எதெல்லாம் சிவப்பாகும் என்டு இப்ப நீங்களே மாத்துங்க என்டா. ஒவ்வொருத்தரோடயும் தனியா அரை மணித்தியாலம், பிளானிங், இன்டர்வியூ, ரெண்டு பேருக்குள்ள வாற மனஸ்தாபம் எல்லாம் போட்டு முடிச்சா சேந்தாப்போல ரெண்டு மணித்தியாலம் பச்சை எங்கயுமே மிஞ்சல்ல. அதைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தன்.

5 பேர் டீம்ல ஆளுக்காள் தொடர்பு 10, 8 பேரானா 28 என்டு போர்டுல கீறிக் காட்டினா. மூணு பேர்தானே கூடினது, எங்கட மீட்டிங் ஏன் இப்பிடிப் பெருகிச்சு என்டு அன்டைக்குத்தான் விளங்கிச்சு. கூகிள் தங்கட மனேஜர்மாரைப் பத்தி ஆராஞ்ச ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்ல முதல்ல வந்த 8 பழக்கத்தில ஆக்களை வளத்தெடுக்கிறது முதலாவது, தொழில்நுட்ப அறிவு கடைசியாம். நான் பெருமைப்படுற விசயம் கடைசில நிண்டது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்திச்சு.

குறை என்டா, டீம் கொழும்பில லீட் மட்டக்களப்பில என்டா ஒருத்தன் சோர்ந்து போறதை ஸ்கிரீன்ல எப்பிடிப் பிடிக்கிறது என்டு கேட்டன், சரியான பதில் கிடைக்கல்ல. சம்பளம் பேசுறதையும் பத்து நிமிசத்தில முடிச்சிட்டா, அதுக்கு இன்னும் நேரம் குடுத்திருக்கணும்.

ஆனா அவ கேட்ட ஒரு கேள்விக்கே குடுத்த காசு சரி. லீட் ஆகாம, கோட் எழுதிக்கொண்டே மேல போக உங்கட கொம்பனில வழி இருக்கா? சில இடத்தில சீனியருக்கு மேலயும் ஸ்டாஃப், பிரின்சிபல் என்டு கோட் எழுதிறாக்களுக்கே இருக்கிற பதவிகள்ல ஏறலாம். திங்கக்கிழமை விசாரிச்சா எங்கட இடத்தில சீனியரோட சரி. அதால மூணு மாசம் ரெண்டு ஜூனியருக்கு மட்டும் லீடா இருந்து பாக்கிறன், ஒத்து வராட்டி அதே சம்பளத்தோட பழைய இடம் என்டு எழுத்தில கேட்டன், தந்தாங்க. முதல் நாள் தனியாக் கதைக்கேக்க அக்கரைப்பற்றுத் தம்பி சொல்றான், "அண்ணன், நீங்க பிஸி என்டு நாலு மாசமா கேக்காம விட்ட கேள்வி ஒரு கொப்பி நிறைய இருக்கு" என்டு. அன்டைக்கு ஒரு வரி கோட் எழுதல்ல, கொப்பில பாதிதான் முடிஞ்சிச்சு.

போறாக்கள் கலெண்டரை முதலே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்க, அங்க பிரிண்டர் இல்ல, கையால கீறினதிலயே எனக்கு அரை மணித்தியாலம் போயிட்டு.