கலிபோர்னியாவில் டியூஐ: ஒத்துக்கொள்வதா, வெட் ரெக்லெஸ் கேட்பதா, வழக்காடுவதா?

குடித்துவிட்டு ஓட்டியதாக (டியூஐ) பிடித்தால் வழக்கமாக இரண்டு பிரிவுகள் சேர்த்தே போடுவார்கள். வாகனச் சட்டம் 23152(ஏ), போதையில் ஓட்டியது. 23152(பி), ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. "நிதானமாகத்தான் ஓட்டினேன்" என்ற வாதம் முதலாவதற்குத்தான் உதவும். இரண்டாவதற்கு அந்த எண் ஒன்றே போதும்.

எந்த வழியில் போனாலும் டிஎம்வி (லைசென்ஸ் தரும் மாநில வாகனத் துறை) தனிக்கதை. கைதான 10 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால், கோர்ட் என்ன சொல்கிறது என்று பார்க்காமலே லைசென்ஸ் 4 மாதம் முடங்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதல் தடவை, யாருக்கும் காயமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஒத்துக்கொண்டால் 390 முதல் 1,000 டாலர் அபராதம். மேல்கட்டணங்கள் சேர்ந்தால் அது பல மடங்காகும். 3 முதல் 5 வருடம் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு). கட்டாய மது விழிப்புணர்வு வகுப்பு 3 மாதம், ரத்த ஆல்கஹால் அளவு 0.20-ஐத் தொட்டால் 9 மாதம். ஜெயில் உச்சவரம்பு 6 மாதம்.

வெட் ரெக்லெஸ் (23103.5) என்பது டியூஐக்குப் பதிலாக, மது சம்பந்தப்பட்ட பொறுப்பற்ற ஓட்டல் என்ற சின்னக் குற்றத்தை ஒத்துக்கொள்வது; அரசு வக்கீல் சம்மதித்தால்தான் கிடைக்கும். ஜெயில் உச்சவரம்பு 90 நாள், அபராதம் 145 டாலரில் தொடங்கும், வகுப்பும் சின்னது. ஆனால் 10 வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் அதையும் பழைய டியூஐயாகவே எண்ணுவார்கள். இந்தச் சிக்கல் இல்லாதது டிரை ரெக்லெஸ், அதாவது மதுவைக் குறிப்பிடாத பொறுப்பற்ற ஓட்டல்; லேசில் தரமாட்டார்கள்.

வழக்காடுவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, போலீஸ் வண்டியை ஏன் நிறுத்தியது. காரணம் சட்டப்படி நிற்காவிட்டால் ஆதாரத்தை நீக்கக் கோரும் மனுவில் (தண்டனைச் சட்டம் 1538.5) சோதனை முடிவே வழக்கிலிருந்து வெளியே போய்விடும். அடுத்தது மூச்சுச் சோதனை. அதற்கு முன் 15 நிமிடம் ஆளைத் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏப்பமோ வாந்தியோ வந்தால் வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணை ஏற்றிவிடும். கருவியின் துல்லியத்தை 10 நாளுக்கு ஒருமுறை, அல்லது 150 சோதனை முடிந்ததும், எது முந்தியோ அப்போது சரிபார்க்க வேண்டும். இதில் தவறு நடந்தால் முடிவைத் தூக்கி எறிய மாட்டார்கள், அதன் நம்பகம் குறையும், அவ்வளவுதான். கடைசி கிளாஸை முடித்த கையோடு கிளம்பியவருக்கு இன்னொரு வாதம் உண்டு: ஓட்டும்போது 0.07 இருந்தது, ஸ்டேஷனில் ஊதும்போது 0.09 ஆக ஏறிவிட்டது. 0.16 வந்தவர் இதைச் சொன்னால் ஜூரி நம்பாது.

எங்கள் கணிப்பில் பின்னிரண்டு வழிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. அளவு 0.10-க்குள் இருந்து, கருவிப் பதிவேட்டிலோ போலீஸ் கேமரா வீடியோவிலோ ஓட்டை தெரிந்தால், அதை வைத்துத்தான் வெட் ரெக்லெஸ் பேரம் பேச முடியும். அந்தக் காகிதங்கள் கைக்கு வருமுன் ஒத்துக்கொள்வது அவசரம்.

எச்1பி வேலை விசாக்காரர்களுக்கு ஒன்று: டியூஐ கைது ஆனாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், பாஸ்போர்ட்டில் உள்ள விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். அமெரிக்காவில் தங்கி வேலை பார்க்க அதனால் தடையில்லை. ஊருக்குப் போனால் புது விசா ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது. வழக்கு வெட் ரெக்லெஸ்ஸில் முடிந்திருந்தாலும், தூதரகத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும்.