கரைப்பானில் நிறமாலை: பிசிஎம் போதுமா, க்யூஎம்/எம்எம் வேண்டுமா?

தஞ்சை, கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு மஞ்சளிலிருக்கும் குர்குமினை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெத்தனாலில் கரைத்துக் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் 420 நானோமீட்டரை ஒட்டி அகலமான ஒரு முகடு வரும். அதைக் கணினியில் வரவழைக்க இரண்டு வழி: கரைப்பானை ஒரே சீரான ஊடகமாக எடுக்கும் பிசிஎம், குர்குமினைக் குவாண்டம் முறையிலும் கரைப்பான் மூலக்கூறுகளை எளிய செவ்வியல் முறையிலும் கணக்கிடும் க்யூஎம்/எம்எம். நான் தேர்ந்தெடுத்தது க்யூஎம்/எம்எம்.

பிசிஎம் வேகமானது, சாதாரண டெஸ்க்டாப்பே போதும், முதலில் அதைப் போட்டுப் பார்ப்பதுதான் முறை. 1981இல் தொமாசி குழுவினர் கொடுத்த இந்த முறையில் கரைப்பானுக்கு மூலக்கூறே கிடையாது, மின்காப்பு மாறிலி (மின்புலத்தை எவ்வளவு தணிக்கும் என்ற எண்) கொண்ட ஒரு தொடர் ஊடகம், அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான். மெத்தனாலின் மாறிலி சுமார் 33, அசிட்டோநைட்ரைலுக்குச் சுமார் 36, அதனால் பிசிஎம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் மெத்தனால் குர்குமினின் ஆக்ஸிஜனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும், மற்றது கொடுக்காது. அப்புறம் முகட்டின் அகலம். பிசிஎம் தருவது ஒரே ஒரு கோடு, அதை 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்று ஏதோ ஒரு அகலத்துக்கு நாமே காஸியன் (மணி வடிவ வளைவு) போட்டு விரித்து, சோதனையோடு பொருந்துகிறது என்று எழுதினால் அதில் என்ன கணிப்பு இருக்கிறது? க்யூஎம்/எம்எம்மில் முதலில் மூலக்கூறு இயக்கவியல் ஓட்டி, அதாவது அணுக்களின் அசைவைக் கணித்து, அதிலிருந்து நூறு ஸ்னாப்ஷாட் எடுத்து, ஒவ்வொன்றிலும் குர்குமினுக்கு மட்டும் டிடி-டிஎஃப்டி (ஒளி உறிஞ்சலைக் கணிக்கும் குவாண்டம் முறை), சுற்றியிருக்கும் மெத்தனாலுக்கு வெறும் மின்னூட்டப் புள்ளிகள். ஒரு ஸ்னாப்ஷாட்டில் குர்குமினின் கார்பனைலை (C=O) ஒட்டி ஒரு மெத்தனால் நிற்கும், அடுத்ததில் விலகியிருக்கும், கோடும் அதற்கேற்ப நகரும். இங்கே 0.1 எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்தாலே 14 நானோமீட்டர். அத்தனை கோடுகளும் சேரும்போது அகலத்தின் பெரும்பகுதி தானாகவே வந்துவிடுகிறது.

நேரம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் தனித்தனி வேலை, ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுதான் வீணாகும்.

ஒன்றில் மட்டும் கவனம். மூலக்கூறு இயக்கவியலுக்கு அணுக்களின் விசைகளைத் தருவது ஃபோர்ஸ் ஃபீல்டு. அது தரும் ஒற்றை, இரட்டைப் பிணைப்பு நீளங்கள் சரியில்லையென்றால் குர்குமின் மாதிரி நீண்ட இணைவுச் சங்கிலியில் (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வருவது) முகடே இடம் மாறிவிடும், ஸ்னாப்ஷாட் எத்தனை கூட்டினாலும் அது சரியாகாது. ஓட்டுவதற்கு முன்பே அந்த நீளங்களை டிஎஃப்டி என்ற குவாண்டம் முறை தரும் வடிவத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். அதிர்வுத் தோள்களும் (மூலக்கூறின் அதிர்வால் முகட்டின் ஓரத்தில் தெரியும் சிறு புடைப்புகள்) இந்த வழியில் வராது. புரதத்துக்குள் வைத்து நான் அதிகம் ஓட்டியதில்லை, அங்கே வெறும் புள்ளி மின்னூட்டம் போதும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.