எழுத்துக் கலியாணத்தைப் படம்பிடிக்க: சூம் லென்ஸும் ஃபிளாஷுமா, இரண்டு பிரைம் லென்ஸ்களா?

கொழும்பில் கலியாண எழுத்து விவாகப் பதிவாளரின் அலுவலகத்திலோ, வெள்ளவத்தைப் பக்கத்துத் தொடர்மாடி வீடொன்றின் வரவேற்பறையிலோ நெருங்கிய உறவினர் மட்டும் கூடியிருக்க நடப்பதுண்டு. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவாளர் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டறிந்து, அவர்களும் சாட்சிகள் இருவரும் பதிவேட்டில் கையொப்பமிட்டதும் காரியம் நிறைவேறிவிடுகிறது. கோயில் கலியாணத்தைப் போல மணிக்கணக்கில் நீளும் சடங்குகள் இங்கு இல்லை. தவறவிட்ட கணத்தை அடுத்த சடங்கில் ஈடுசெய்துகொள்ளவும் வழியில்லை. ஆகவே எந்த லென்ஸுடன் அந்த அறைக்குள் நுழைவது என்பதை முன்கூட்டியே நன்றாக யோசித்துத் தீர்மானிக்க வேண்டும்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பலரும் முதலில் எடுப்பது 24-70 மி.மீ. f/2.8 சூம் லென்ஸும் கமெராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷும்தான். (மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலும்; f எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிதாகி ஒளி கூடுதலாக உள்ளே வரும்.) ஒரே இடத்தில் நின்றபடி முழு அறையையும் ஒற்றை முகத்தையும் மாறி மாறிப் பிடிக்கலாம், நடுவில் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை, வெளிச்சம் குறைந்த இடத்திலும் முகங்கள் தெளிவாக விழும் என்பன இதன் பலங்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் நடுவே இவை பெரிய பலங்களே. பதினைந்து பேர் மட்டும் அமர்ந்திருக்கும் அறையில் நிலைமை வேறு. 700 முதல் 900 கிராம் வரை நிறையுள்ள லென்ஸ் ஒன்று முகத்தை நோக்கித் திரும்பும்போதே அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். சம்மதம் கேட்கப்படும் நேரத்தில் ஃபிளாஷ் மின்னினால் மணமகளின் கண்கள் பதிவாளரை விட்டுக் கமெராவுக்குத் தாவுகின்றன. ஒளியைக் கூரையில் பட்டுத் தெறிக்க வைத்தால் நிழல் மென்மையாகும் என்பது உண்மை. ஆனால் சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால்தான் அது பொருந்தும். இளம்பச்சைச் சுவரில் தெறித்து வரும் ஒளி பட்டுச் சேலையின் நிறத்தையே மாற்றிவிடும்.

எனது தெரிவு 35 மி.மீ., 50 மி.மீ. ஆகிய இரண்டு f/1.8 பிரைம் லென்ஸ்கள், அதாவது சூம் செய்ய முடியாத, ஒரே குவியத்தூரம் கொண்ட லென்ஸ்கள். f/2.8 உடன் ஒப்பிட்டால் f/1.8 ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஐ.எஸ்.ஓ. அளவை (கமெராவின் ஒளி உணர்திறனை) அந்த மடங்குக்குக் குறைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான வேளைகளில் ஃபிளாஷும் தேவைப்படாது. இத்தகைய லென்ஸ்கள் சிறியவை. கமெராவைத் தூக்கியதை அருகில் இருப்பவர்கூடப் பெரிதாகக் கவனிப்பதில்லை. இரண்டடி முன்னே போகவும் பின்னே வரவும் வேண்டியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அதுவே இடத்தைத் தேர்ந்து நிற்கப் பழக்குகிறது என்பது என் கருத்து.

கையொப்பமிடும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மேசையிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸால் பார்த்தால், ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி கொண்ட) கமெராவில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் அடங்கும்: பதிவேட்டின் மேல் குனிந்த முகம், பின்னுக்குச் சரிந்த வளையல்கள், முதல் எழுத்துக்கு முன் காகிதத்தின் மேல் ஒரு கணம் தரித்து நிற்கும் பேனா, தோளுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி எட்டிப் பார்க்கும் அப்பா. எழுதுபவர் வலக்கைப் பழக்கமுள்ளவரானால் அவரின் இடப்பக்கமாக நிற்க வேண்டும். அப்போதுதான் பேனா முனையைக் கை மறைக்காது. ஆனால் f/1.8 இல் குவியத்தின் ஆழம் (தெளிவாக விழும் தூர வீச்சு) மிகக் குறைவு என்பதால், பேனா தெளிவாக இருக்க முகம் மங்கிப்போகும். இரண்டும் வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை f/4 வரை மூடி, ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதே சரி.

ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பவர் டியூப் லைட்டையும் கவனிக்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், பழைய வகை டியூப் லைட்டின் ஒளி ஒரு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர் வேகத்தை (ஒளியை உள்ளே விடும் நேரத்தை) 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் படங்களுக்கிடையே வெளிச்சமும் நிறமும் மாறாது; 1/500 இல் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருண்டும் வரக்கூடும். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் இந்த அமைதிக்கு ஏற்றதாகத் தோன்றினாலும், இத்தகைய ஒளியில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழக்கூடும் என்பதால் அறைக்குள் போனவுடன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. யன்னல் ஒளி போதுமானதாக இருந்தால், வீட்டாரிடம் கேட்டு விளக்கை அணைத்துவிடுவது இன்னும் சிறப்பு. இரு வகை ஒளியும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி பச்சையாகவும் மறு பாதி நீலமாகவும் தெரியும்.

குடும்பப் படத்தில் மட்டும் சூம் லென்ஸே வெல்கிறது. 3 மீட்டர் தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 3 மீட்டர் அகலத்தையே காட்டும்; 24 மி.மீ. நாலரை மீட்டரைக் காட்டும். பின்சுவரில் முதுகு முட்டி நிற்கும் படப்பிடிப்பாளருக்கு அந்த ஒன்றரை மீட்டர் பெரிய விடயம். ஓரத்தில் நிற்பவர் அகன்று தெரிவார் என்பதால் பெரியம்மாவை நடுவுக்கு அழைத்து, ஒல்லியான இளைஞரை ஓரத்தில் நிறுத்தலாம். பிரைம் லென்ஸ்களை மட்டும் வைத்திருப்பவர் ஆட்களை இரண்டு வரிசையாக்கி, முன்வரிசையை இருத்தி, f/5.6 இல் எடுக்க வேண்டும். இந்த ஒரு படத்துக்காகவே சிறிய ஃபிளாஷ் ஒன்றைப் பையில் வைத்திருப்பதை நான் ஆதரிக்கிறேன்.

கைத்தொலைபேசியைப் போட்டிக்கே எடுக்க வேண்டியதில்லை என்பாருடன் நான் உடன்படவில்லை. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் உறவினர் எழுத்தை நேரடியாகப் பார்ப்பது அதில்தான். அதை வைத்திருப்பவர் மேசைக்கு நேர் எதிரே நிற்காமல் பதிவாளரின் பக்கவாட்டில் நிற்பார் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், இரண்டு வேலையும் தடையின்றி நடக்கும்.

எந்தக் கருவியால் எடுத்தாலும், பதிவேட்டின் அண்மைப் படங்களை வெளியில் பகிருமுன் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முகவரி போன்ற தனிப்பட்ட விபரங்கள் கூர்மையான லென்ஸில் வாசிக்கக்கூடியதாகவே பதிந்திருக்கும். அத்தகைய படங்களை மணமக்களிடம் தனியாகக் கொடுத்துவிட்டு, பேனா முனை தவிர மற்றவை மங்கலாக உள்ள படத்தையே பொதுவில் இட வேண்டும்.